மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் புற்றுநோயா?

கேள்வி: எனக்கு 54 வயது. மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டு, தானாகவே நின்றுவிட்டது. என் அண்ணி கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயில் இறந்தார். இந்தப் புற்றுநோய்கள் அவ்வளவு பரவலா? வந்தால் பிழைக்கவே முடியாதா?

பதில்: ரத்தம் நின்றுவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள் அம்மா. இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். இப்படி வருகிற 10 பெண்களில் சுமார் 9 பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. பிறப்புறுப்பு வறட்சி, பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சி என்று சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் மீதி ஒருவர் யார் என்பது பரிசோதித்தால்தான் தெரியும்.

ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சவ்வின் தடிமனைப் பார்ப்பார்கள். 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் துளி சதை எடுத்து பயாப்சி எனும் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மாதவிடாய் வலி போலச் சில நிமிடம் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். அன்றே வீட்டுக்குப் போகலாம். ஸ்கேன் சரியாக இருந்து, மறுபடி ரத்தம் பட்டால் மறுபடியும் போக வேண்டும்.

உள்சவ்வுப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படி ரத்தம் காட்டித்தான் தொடங்கும். அதனால் சீக்கிரம் பிடிபடுகிறது. கர்ப்பப்பையைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தால், அமெரிக்கக் கணக்குப்படி 100 பேரில் சுமார் 95 பேர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிருடன் இருக்கிறார்கள். தொலைவில் பரவிவிட்டால் அது 20-க்கும் கீழே போய்விடும். ஆனால் சினைப்பைப் புற்றுநோயில் வயிற்று உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைவது தவிரப் பெரிதாக எதுவும் தெரியாது. அதனால்தான் பலருக்கும் தாமதமாகத் தெரியவருகிறது.

உங்கள் அண்ணிக்கு வந்தது வேறு. அது எச்பிவி வைரஸால் வருவது. இந்தியாவில் பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளில் வரும் புற்றுநோய்களில் அதுதான் அதிகம். 2022-ல் இந்தியாவில் சுமார் 1,27,000 பேருக்குப் புதிதாக வந்தது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் மதிப்பீடு. எனக்கு மனம் பொறுக்காத கணக்கு இது. ஏனென்றால் புற்றுநோயாக மாறப் பல வருடம் ஆகும்; அதற்குள் தடுத்துவிடலாம். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ல் தொடங்கிய ஆய்வில், நர்ஸ்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் கழித்து, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமாக இருக்கக்கூடிய வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். தெரிந்தவர்களுக்குச் சிகிச்சை. ஒரே ஒரு முறை செய்த அந்தச் சோதனையால் இந்தப் புற்றுநோயின் இறப்பு 35 சதவீதம் குறைந்தது.

நம் அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்த அமிலச் சோதனை அவ்வளவாகப் பொருந்தாது என்பதால், ஸ்கேனுக்குப் போகும்போதே உங்களுக்கு எந்தக் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனை சரி என்று கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அப்புறம், வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளைகள் இருந்தால் எச்பிவி தடுப்பூசி பற்றியும் அதே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.