புதுக் கம்பளம் போட்ட பழைய படகை வாங்கலாமா?

கேள்வி: ஸ்காபரோவில் வசிக்கிறோம். ரைஸ் லேக், ஒட்டோனபி ஆறு, சில வேளைகளில் சிம்கோ ஏரி ஆகியவற்றில் மீன்பிடிக்க 14 அடி அலுமினியப் படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். 9.9 குதிரைவலு மோட்டார், டிரெய்லர் எல்லாம் சேர்த்து 5,500 டொலர். உள்ளே புதுத் தரை, புதுக் கம்பளம், புதுப் பூச்சு. “இந்த மோட்டாருக்கு எந்தப் பத்திரமும் தேவையில்லை. 500 டொலர் முன்பணம் அனுப்பினால் ஞாயிறு வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்” என்கிறார் விற்பவர். நான், மனைவி, 12 வயது மகன், 68 வயது அப்பா என நாங்கள் நால்வர். வாங்கலாமா? ரிவெட் அடித்த படகு ஒழுகும், வெல்டிங் செய்ததைத்தான் வாங்க வேண்டும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: முதலில், முன்பணம் அனுப்பாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நீங்கள் எழுதியதில் மோட்டாரோ விலையோ என்னை நிறுத்தவில்லை. “புதுக் கம்பளம்” என்ற சொல்தான் நிறுத்தியது. ஒன்ராறியோவில் படகு பழுதுபார்த்தே பிழைப்பவன் நான். பழைய அலுமினியப் படகுக்குக் கம்பளம் போடுபவர்களில் பாதிப்பேர் கால் வழுக்கக் கூடாது என்பதற்காகப் போடுகிறார்கள். மீதிப் பாதிப்பேர் எதற்காகப் போடுகிறார்கள் என்பதை அதைக் கிழித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அக்டோபரில் ஏரிகள் குளிரத் தொடங்கும்போது, குளிர்காலம் முழுக்கப் படகை எங்கே வைப்பது என்று திண்டாடுபவர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதை வாங்கிக் கொட்டகையில் போட்டு, தரைக்கு ஒட்டுப்பலகை வெட்டி, மேலே கம்பளம் ஒட்டி, உள்பக்கம் முழுக்க லொறிப் பெட்டிக்கு அடிக்கும் சொரசொரப்பான கறுப்புப் பூச்சை அடித்து, மே மாத விக்டோரியா தின நீண்ட வார இறுதிக்குச் சற்று முன்னால் சந்தைக்குக் கொண்டுவருவதையே தொழிலாகச் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். நம்மவர்களும் உண்டு. அந்தக் கறுப்புப் பூச்சு அழகுக்கு அடித்ததல்ல. அதன் கீழே ரிவெட் ஆணியின் தலை தெரியாது, விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களில் விழுந்த வெடிப்பும் தெரியாது. எனக்கு ஒரு படகு வேண்டுமென்றால், சொட்டையும் கீறலுமாக வெறும் அலுமினியம் தெரியும் அழுக்குப் படகைத்தான் தேடுவேன். அதில் எதையும் ஒளித்துவைக்க இடமில்லை.

இனி, போய்ப் பார்க்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

நேராகப் பின்னால் போங்கள். மோட்டார் மாட்டியிருக்கும் பின்பலகை வெளியே அலுமினியமாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒட்டுப்பலகைதான். மழை நீர் இறங்கி இறங்கி அது உளுத்துப்போகும். மோட்டாரின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகை மோட்டாரோடு சேர்ந்து வளைந்து கொடுத்தால் உள்ளே மரம் இல்லை, சோறுதான் இருக்கிறது. திருகுப்புளியின் பிடியால் நாலு இடத்தில் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் ‘டக்’ என்று சொல்லும், உளுத்தது ‘பொத்’ என்று சொல்லும்.

“பின்பலகையை மாற்றிவிட்டோம், புதுசு” என்று சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். எந்தப் பலகை என்று கேளுங்கள். வீட்டு முற்றத்தில் தளம் போட விற்கிறார்களே, மருந்தேற்றிய பச்சை நிறப் பலகை, அதைப் பலர் போட்டுவிடுகிறார்கள். உளுக்காது, மலிவு. ஆனால் அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. ஈரத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். முதலில் வெள்ளைத் தூள் பூக்கும், பிறகு ஊசித்துளை விழும். ஒருமுறை, எங்கிருந்து நீர் வருகிறது என்றே கண்டுபிடிக்க முடியாத ஒரு படகின் தரையைப் பெயர்த்தேன். அடித்தட்டில், 2013இல் புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட பழைய ஒரு சதக் காசு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதை நெம்பி எடுத்தேன். அது கிடந்த இடத்தில் வெள்ளை வட்டம், நடுவில் வெளிச்சம். யாருடைய சட்டைப் பையிலிருந்தோ விழுந்த ஒரு சதம் ஒரு படகையே ஓட்டையாக்கியிருந்தது. ஒரு முழுப் பலகை என்ன செய்யும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

அடுத்து தரை. கம்பளத்தின் ஒரு மூலையையாவது தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பல படகுகளில் தரைக்கும் அடித்தட்டுக்கும் இடையே மிதவை நுரை அடைத்திருக்கும். ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடந்த நுரை பஞ்சுபோல் நீரை வைத்துக்கொள்ளும். வெளியே நன்றாகத்தான் தெரியும், ஆனால் படகு சுமக்க வேண்டிய எடையில் ஒரு பங்கை அந்த நீரே எடுத்துக்கொண்டிருக்கும். கம்பளத்தைத் தூக்க மறுத்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பரின் ரிவெட் பயத்துக்கு வருகிறேன். 14 அடிப் படகுக்கு ரிவெட் போதும். வெல்டிங் செய்த படகு கனத்த தகட்டில் வருவதால் எடையும் விலையும் கூடும், பாறையில் அடிபட்டால் அதன் பற்றுவைத்த இடமும் வெடிக்கத்தான் செய்யும். ரிவெட் ஒழுகுகிறதா என்று பார்க்க ஏரிக்குப் போக வேண்டியதில்லை. டிரெய்லரில் இருக்கும்போதே வடிகால் அடைப்பானைப் போட்டு, தோட்டக் குழாயால் உள்ளே பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். அதுவே சில நூறு கிலோ, டிரெய்லர் தாங்காது. பிறகு படகுக்கு அடியில் குனிந்து பாருங்கள். பழைய படகில் நாலைந்து ஆணிகள் கசிவது இயல்பு. அவற்றை மாற்றிப் பசை வைத்து அடைத்துவிடலாம். நடு முதுகுத் தண்டிலோ சட்டங்களின் ஓரத்திலோ கோடாக நீர் வடிந்தால் அது ஆணி அல்ல, வெடிப்பு. விட்டுவிடுங்கள்.

இனி நால்வர் கணக்கு. படகின் உள்பக்கம் எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு வலு என்று எழுதிய ஒரு தகடு இருக்க வேண்டும். பூச்சு அடித்தவர் அதன் மேலும் அடித்திருப்பார், சுரண்டியாவது பாருங்கள். அந்த எடையில் ஆட்கள் மட்டும் அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் நால்வரும் 260 கிலோ என்று வைப்போம். மோட்டார் 40, நிரம்பிய எரிபொருள் தாங்கி 20, பற்றரி 25, நங்கூரமும் தூண்டிலும் சோற்றுப் பெட்டியும் 25. மொத்தம் 370 கிலோ. தகடு இதற்கு மேல் சொன்னால்தான் நீங்கள் நால்வரும் ஏறலாம். அதுவும் அமைதியான நீரில். ரைஸ் லேக் ஆழம் குறைந்த நீண்ட ஏரி. மேற்குக் காற்று அடித்தால் குட்டையான, செங்குத்தான அலை எழும்பும். ஆகவே தட்டை அடிப் படகு வேண்டாம். அணியம், அதாவது படகின் முன்முனை, கூர்மையாக அலையைப் பிளக்க வேண்டும், பக்கச் சுவர் உயரமாக இருக்க வேண்டும். அந்த ஏரியில் இன்னொரு பொறியும் உண்டு. 1854இல் கோபோர்க்கிலிருந்து பீட்டர்பரோவுக்கு ஏரியின் குறுக்கே ரயில் பாதை போட்டார்கள். பனிக்கட்டி அதை உடைத்துவிட்டது. மிச்சம் இன்னும் நீருக்குச் சற்றுக் கீழே கிடக்கிறது. வரைபடம் பார்க்காமல் அங்கே மோட்டாரை முடுக்காதீர்கள். சிம்கோ 722 சதுர கிலோமீட்டர். காற்று இருக்கும் நாளில் 14 அடிப் படகோடு அதன் நடுவுக்குப் போக நான் துணியமாட்டேன்.

மோட்டாரை நீங்கள் போகும்போதே சூடாக்கி வைத்திருந்தால், விற்பவர் எதையோ மறைக்கிறார். மூடியில் கை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் உங்கள் கண் முன்னால் கிளம்ப வேண்டும், பக்கவாட்டுத் துளையிலிருந்து நீர் விடாமல் பீய்ச்ச வேண்டும். மோட்டாரின் அடியில் பல்சக்கரங்கள் இருக்கும் கீழ்ப் பெட்டியின் எண்ணெயைச் சொட்டு விடச் சொல்லுங்கள். பால்தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது.

“எந்தப் பத்திரமும் தேவையில்லை” என்ற பேச்சுக்கு வருவோம். இதைச் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாரம் தவறாமல் யாராவது இதில் விழுகிறார்கள். கனடாவில் 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ உள்ள மோட்டார் பூட்டிய படகுக்கு உரிம எண் எடுத்து, அணியத்தின் இரு பக்கமும் எழுத வேண்டும். 9.9 அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நிற்கிறது. அந்த மோட்டார் இத்தனை விற்பதற்கு அது ஒரு காரணம். ஆக, படகுக்கு எண் தேவையில்லை என்பது சரி. ஆனால் ஓட்டுபவருக்குத் தேர்வெழுதி எடுக்கும் படகு ஓட்டுநர் அட்டை தேவை. 9.9 ஆனாலும் சரி, பற்றரியில் ஓடும் பொம்மை போன்ற சிறு மோட்டாரானாலும் சரி. 2009 செப்டெம்பர் முதல் இதில் வயது விலக்கும் இல்லை. விற்பவர்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

அதோடு முடியவில்லை. 9.9ஐயும் 15ஐயும் ஒரே உடலில் செய்த தயாரிப்பாளர்கள் உண்டு. 15இன் மேல் 9.9 என்ற மூடியை மாட்டி விற்பது பழைய வித்தை. மூடியில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், மோட்டாரைப் பலகையில் பற்றும் தாங்கியில் உள்ள தகட்டின் மாதிரி எண்ணைப் படம் எடுத்துச் சரிபாருங்கள். 15 என்றால் நீங்கள் உரிமம் இல்லாமல் ஓட்டுகிறீர்கள். மாட்டினால் மூடியை மாட்டியவர் பக்கத்தில் இருக்க மாட்டார். உண்மையிலேயே 9.9 என்றாலும் விரும்பினால் எண் எடுத்துக்கொள்ளலாம். தேடி வருபவர்களுக்குப் படகு யாருடையது என்று தெரிந்தால் நல்லதுதானே?

இந்த அட்டை விஷயத்தில் எனக்கு நெடுநாள் எரிச்சல். ஐம்பது கேள்வி, முக்கால்வாசி சரியாக இருந்தால் வாழ்நாள் முழுக்கச் செல்லும் அட்டை. படகில் ஒருநாள் காலே வைக்காதவர் வீட்டுச் சோபாவில் இருந்தபடி எடுத்துவிடலாம். விற்பனைப் பக்கம் இன்னும் மோசம். ஒன்ராறியோவில் ஒரு பழைய காரைத் தனியாள் விற்பதற்குக்கூட அரசின் தகவல் பொதி ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும். உங்கள் மகனும் அப்பாவும் ஏறி ஆழ நீருக்குப் போகும் படகுக்கு அப்படி ஒன்றும் இல்லை. உள்ளதை நாமே திரட்டிக்கொள்ள வேண்டியதுதான். பின்பலகையின் வலது மேல் மூலையில் பொறித்த அடையாள எண்ணும் விற்பனைச் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். சீட்டில் கையொப்பமிடுபவர் உங்கள் முன்னால் நிற்பவரா, முந்தைய உரிமையாளர் வெறும் தாளில் போட்டுக்கொடுத்த கையொப்பமா? டிரெய்லருக்குத் தனி உரிமைப் பத்திரம் உண்டு, அதையும் கேளுங்கள். டிரெய்லரின் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் மணல் அரைவதுபோல் கேட்கக் கூடாது.

அப்பாவுக்கு 65 கடந்துவிட்டது, மகனுக்கு 18 ஆகவில்லை. இருவருக்கும் மீன்பிடி அனுமதி வாங்க வேண்டியதில்லை, அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். உங்களுக்கும் மனைவிக்கும் வேண்டும். 2022 முதல் ஏரியை விட்டுப் புறப்படும்போது வடிகால் அடைப்பானைக் கழற்றி நீரை வடித்து, பாசியைத் துடைத்துவிட்டுத்தான் தெருவில் ஏற்ற வேண்டும் என்பதும் சட்டம்.

ஞாயிறு அன்று ஒரு டார்ச், ஒரு திருகுப்புளி, தோட்டக் குழாய் ஆகியவற்றோடு போங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், பழைய காலத்து ஆட்களின் காது பலகையைத் தட்டும் சத்தத்தை நம்மைவிட நன்றாகப் பிடிக்கும். கம்பளத்தைத் தூக்க விற்பவர் விடவில்லையென்றால், அப்படியே ரைஸ் லேக்குக்கு வண்டியை விடுங்கள். கரையோர விடுதிகளில் அலுமினியப் படகு நாள் வாடகைக்குக் கிடைக்கும். அவர்கள் நிரப்பித் தரும் பாதுகாப்புப் பட்டியலே அன்றைக்கு ஓட்டுநர் அட்டைக்குப் பதிலாகச் செல்லும். நால்வரும் அதில் ஒருநாள் இருந்து பார்த்தால், 14 அடி உங்களுக்குப் போதுமா, 16 அடி தேவையா என்று இடுப்பே சொல்லிவிடும். அக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது.