சர்பத் கசக்கிறது, புதினா கறுக்கிறது: வெயில்கால வாசகர் கேள்விகள்

எலுமிச்சையும் புதினாவும் சேர்த்து மிக்ஸியில் அடித்தேன். அடித்ததும் நன்றாக இருந்தது, அரை மணி நேரத்தில் ஒரே கசப்பு. பழம் சரியில்லையா?
வாசகி, திருமங்கலம்

பழத்தின் மேல் பழி போடாதீர்கள். தோலோடும் கொட்டையோடும் அடித்திருப்பீர்கள். கடிதத்தில் அதை எழுதவில்லை, ஆனால் தாமதமாக வரும் கசப்புக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கொட்டையிலும் தோலுக்கு உள்பக்கம் இருக்கும் வெள்ளைப் பகுதியிலும் உள்ள சத்து, சாற்றின் புளிப்பில் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். பழத்தைக் குறுக்கே வெட்டி, கத்தி முனையால் கொட்டையைத் தள்ளிவிட்டுக் கையால் பிழியுங்கள். கடைசிச் சொட்டு வரை முறுக்க வேண்டாம். 50 கிராம் பழத்தில் 20 மி.லி. வந்தால் போதும். சாத்துக்குடிக்கும் இதே விதிதான்; அதைப் பிழிந்த கையோடு குடித்துவிட வேண்டும்.

புதினா சர்பத் சாயங்காலம் வரை பச்சையாகவே இருக்க என்ன செய்வது? பச்சைக் கலர் சேர்க்கலாமா?
வாசகி, மேலூர்

இருக்காது. புளிப்பு பட்டால் இலைப் பச்சை பழுப்பாகத்தான் ஆகும். புதினாவைத் தனியாக ஒரு சிட்டிகை உப்பும் ஐஸ் தண்ணீரும் விட்டு அரைத்து, வடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். டம்ளரில் ஊற்றும்போது எலுமிச்சைத் தண்ணீரோடு கலந்தால் போதும். லிட்டருக்கு 20, 25 இலை, காம்பு கூடாது. மிக்ஸி 10 விநாடிக்கு மேல் ஓடினால் இலை சூடேறிப் புல் வாடை வரும். கலர் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சோடா ஊற்றியதும் பொங்கி வழிகிறது.
வாசகர், அனுப்பானடி

உப்பையும் சர்க்கரையையும் முதலில் சாற்றில் முழுக்கக் கரையுங்கள். சோடா ஜில்லென்று இருக்கட்டும், கடைசியில் டம்ளர் ஓரமாக ஊற்றுங்கள்.

சர்க்கரை நோய் இருக்கிறது. நாட்டுச் சர்க்கரை போட்டுக் குடிக்கலாம்தானே?
வாசகர், திருப்பரங்குன்றம்

நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். கருப்பட்டியும் அப்படித்தான். எலுமிச்சை, புதினா, துளி உப்பு போட்டுக் குடியுங்கள். ரத்தக் கொதிப்பும் இருந்தால் உப்பையும் விட்டுவிடுங்கள்.

நன்னாரி வேர் 100 கிராம் வாங்கி ஒரு மணி நேரம் நன்றாகக் கொதிக்க வைத்தேன். சர்க்கரை சேர்த்து, 10 எலுமிச்சம்பழச் சாறு ஊற்றி, கெட்டுப்போகாமல் இருக்க மறுபடி கொதிக்க வைத்தேன். கடையில் குடிக்கும் வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ஏன்?
வாசகி, அலங்காநல்லூர்

வாசனை பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும், அங்கே கேளுங்கள். நன்னாரியின் மணம் ஆவியோடு பறக்கிற மணம். மூடாத பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதித்தால் தெரு மணக்கும், சர்பத் மணக்காது. எலுமிச்சையின் மணமும் அதே ஜாதி. சாற்றைக் கொதிக்க வைத்தால் புளிப்பு மட்டும் மிஞ்சும், கூடவே ஒரு வெந்த வாடை வரும். எத்தனை முறை எழுதினாலும் "நன்றாகக் கொதிக்க வைத்தேன்" என்றுதான் கடிதம் வருகிறது. ரசத்தையே நுரை கட்டியதும் இறக்கிவிடுகிற ஊரில் சர்பத்தை மட்டும் ஏன் இப்படி வேக வைக்கிறீர்கள்?

முதலில் வேர். கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது ஒரு வேரை ஒடித்து முகர்ந்து பாருங்கள். வாசனை பட்டையில்தான் இருக்கும், நடுத்தண்டு வெறும் கட்டை. விரல் தடிமனுக்கு வெள்ளைச் சதையோடு இருந்தால் அது மாகாளிக்கிழங்கு. மணம் ஒன்றுதான், ஆனால் அது ஊறுகாய்க்குப் போக வேண்டியது.

மண் போகக் கழுவி, உரலில் லேசாகத் தட்டினால் பட்டை பிளந்துகொள்ளும். நடுத்தண்டை உருவி எறியுங்கள். 100 கிராம் வேரின் பட்டைக்கு அரை லிட்டர் தண்ணீர். தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, அதற்குப் பிறகு பட்டையைப் போட்டு இறுக மூடுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் அடிமண்டி கலங்காமல் துணியில் வடித்தால் 350 மி.லி. அளவுக்குக் கிடைக்கும்.

ஒரு கிலோ சர்க்கரைக்கு 300 மி.லி. தண்ணீர் விட்டுப் பாகு காய்ச்சுங்கள். கொதிக்கும்போது அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள், பாட்டிலுக்குள் சர்க்கரை பூக்காது. எலுமிச்சை அடுப்பைப் பார்க்கலாம் என்றால் அந்த அரை ஸ்பூன் மட்டும்தான். விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் பதத்தில் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நன்னாரித் தண்ணீரைக் கலந்து, ஆறியதும் ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மீதிப் பழத்தைப் பாட்டிலில் பிழியாதீர்கள். குடிக்கும்போது டம்ளருக்கு அரைப் பழம், 30 மி.லி. பாகு, 200 மி.லி. தண்ணீர்.

நிறம்? வீட்டு நன்னாரி வெளிர் பழுப்பாகத்தான் இருக்கும். கடைகளில் பார்க்கிற கருஞ்சிவப்பு பெரும்பாலும் கருக்கிய சர்க்கரையும் சேர்த்த நிறமும். லேபிளில் நன்னாரி என்று பெரிய எழுத்திலும் எசன்ஸ் என்று எறும்பு எழுத்திலும் இருந்தால் எறும்பு எழுத்தை நம்புங்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று எங்கள் தெருப் பந்தலில் 200 பேருக்குப் பானகம். அளவு சொல்லுங்கள். செம்பு அண்டாவில் கலக்கினால் குளிர்ச்சி என்கிறார்கள்.
வாசகர், செல்லூர்

எத்தனை மி.லி. கப் என்று எழுதவில்லை. 150 என்று வைத்தால் 30 லிட்டர். வெல்லம் 4 கிலோ, எலுமிச்சம்பழம் 60, சுக்கு 60 கிராம், ஏலக்காய் 30 கிராம், துளசி இரண்டு கை, உப்பு 2 மேஜைக்கரண்டி. முதல் நாள் ராத்திரி வெல்லத்தை 4 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு கொதி விட்டுத் துணியில் வடித்து மூடுங்கள். அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் ஏன் வடிக்கச் சொன்னேன் என்று புரியும். சுக்கும் ஏலமும் பொடித்துக் காலையில். சாறும் துளசியும் கடைசியில். மூன்று மணி நேரத்தில் தீர்த்துவிடுங்கள்.

செம்பு அண்டா கூடவே கூடாது. ஈயம் பூசாத பித்தளையும் அலுமினியமும் அப்படியே. புளிப்பு செம்பைக் கரைக்கும், குடித்தவருக்கு வாந்தி வரும். எவர்சில்வர் அண்டா அல்லது மண்பானை.

மீன் பெட்டிக்குப் போகிற பார் ஐஸை உடைத்துப் போடாதீர்கள். சாப்பாட்டுக்கு ஆகாத ஐஸில் நீலம் சேர்க்க வேண்டுமென்று 2018-லேயே உத்தரவு வந்துவிட்டது. அதற்காக வெள்ளையாக இருப்பதெல்லாம் நல்ல ஐஸ் என்று அர்த்தமில்லை. பழம் பிழிகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வெயிலுக்குப் போகட்டும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்து, பல வாரம் கறுப்புத் திட்டு நிற்கும்.

அம்மா வீட்டில் போடுகிற அதே அளவுதான். இங்கே சப்பென்று இருக்கிறது.
வாசகி, வாடிப்பட்டி

போர் தண்ணீரில் கலக்குகிறீர்களா? உப்புத் தண்ணீர் புளிப்பைத் தின்றுவிடும். குடிதண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

சப்ஜா விதை ஊறவே மாட்டேன் என்கிறது.
வாசகி, உசிலம்பட்டி

சர்பத்தில் போட்டிருப்பீர்கள். வெறும் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்துப் பிறகு சேருங்கள். ஒரு டீஸ்பூன் விதைக்கு ஒரு டம்ளர் தண்ணீர்.

வெற்றிலை சேர்க்கலாமா?
வாசகர், சோழவந்தான்

தாராளமாக. லிட்டருக்கு 2 இளம் வெற்றிலை, காம்பும் நடு நரம்பும் கிள்ளிவிட்டு. மூன்றாவது இலை போட்டால் காரம் ஏறும்.

எலுமிச்சை சர்பத் பாட்டிலைத் திறந்ததும் டப்பென்று சத்தம், மேலே நுரை. மேலாக எடுத்துவிட்டு மறுபடி கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?
வாசகர், பேரையூர்

மறுபடியும் கொதிக்க வைப்பதா! கொட்டுங்கள். சர்க்கரை குறைந்திருக்கும், அல்லது ஈர ஸ்பூன் போயிருக்கும், அல்லது பாட்டில் சமையல் மேடையில் இருந்திருக்கும். ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணீர், ஆறிய பிறகு 300 மி.லி. சாறு, ஃபிரிட்ஜில் மூன்று வாரம். அதற்கு மேல் வேண்டுமானால் புதிதாகப் போடுங்கள்.