புது பிளக்கைப் பிரிக்கும் முன்...

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய கார்புரேட்டர் பைக். மூன்று வாரம் எடுக்காமல் நிறுத்தியிருந்தேன். சோக்கை இழுத்துவிட்டு முப்பது, நாற்பது தடவை உதைத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, பெட்ரோல் நாற்றம்தான் வருகிறது. புது ஸ்பார்க் பிளக் வாங்கி வந்துவிட்டேன், நானே மாற்றலாமா?

பதில்: தாராளமாக மாற்றலாம். ஆனால் அந்தப் புது பிளக்கை இன்னும் பிரிக்காதீர்கள், ஏனென்றால் பழையது செத்துப் போனதாக எனக்குத் தோன்றவில்லை, பெட்ரோலில் குளித்திருக்கிறது, அவ்வளவுதான். சோக் போட்டால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். முதல் நாலைந்து உதைக்கு அது சரி, அதற்கு மேல் உதைக்க உதைக்க உள்ளே பெட்ரோல்தான் சேரும். நனைந்த முனையில் பொறி ஒழுங்காக விழாது, விழுந்தாலும் காற்று போதாமல் பற்றாது.

முதலில் பெட்ரோல் காக்கை (டேங்கிலிருந்து வரும் பெட்ரோலை நிறுத்தும் திருகை) மூடி, சோக்கை எடுத்துவிட்டு, ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் வண்டியை அப்படியே விடுங்கள். அப்புறம் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்துக்கொண்டு உதையுங்கள். காற்று நிறையப் போய் உள்ளே இருக்கும் பெட்ரோலை வெளியே தள்ளும். இன்ஜின் பிடித்த உடனே ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, காக்கைத் திறந்துவிடுங்கள். கறுப்புப் புகை வரும், பயப்பட வேண்டாம்.

அதற்கும் மசியவில்லையா, பிளக்கைக் கழற்றுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். வயரை இழுக்காமல் கேப்பைப் பிடித்து இழுங்கள், பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். ஸ்பேனர் சாய்ந்தால் வெள்ளைப் பீங்கான் விரிசல் விடும். பிளக் வெளியே வந்ததும் சாவியை ஆஃப் செய்துவிட்டு ஏழெட்டு உதை உதையுங்கள். துளையிலிருந்து பெட்ரோல் புகை போல் சீறும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பக்கத்தில் சிகரெட், தீ எதுவும் கூடாது. பொறி வருகிறதா என்று பிளக்கை ஹெட்டில் (பிளக் மாட்டியிருக்கும் இன்ஜின் மேல்பகுதியில்) ஒட்டவைத்துப் பார்ப்பதை அந்த நேரத்தில் செய்யவே செய்யாதீர்கள்.

கழற்றிய பிளக்கைத் துடைக்கும் முன் முனையைப் பாருங்கள். இளம்பழுப்பு நிறம் என்றால் இன்ஜின் நலம். வறண்ட கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு என்றால் உள்ளே ஆயில் ஏறுகிறது, அதற்குப் புது பிளக் மருந்தாகாது. வெளுத்துப் பொரிந்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகிறது. வெறுமனே நனைந்திருந்தால் துணியால் துடைத்துக் காயவைத்து அதையே போடலாம், அடுப்பில் காட்டுகிற பழக்கம் வேண்டாம்.

மாட்டும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள், நானும் ஒரு தடவை ஹெட்டின் மரையைத் தின்றிருக்கிறேன். ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு, எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாண் ரப்பர் ட்யூபை பிளக்கின் தலையில் செருகி அதைப் பிடித்துச் சுற்றுங்கள், மரை கோணலாக ஏறினால் ட்யூப் வழுக்கிவிடும். வாஷர் போய் உட்கார்ந்த பிறகு, புது பிளக் என்றால் ஸ்பேனரால் இன்னும் அரைச் சுற்று போதும். பழைய பிளக்குக்கு அவ்வளவு கூட வேண்டாம், வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும்.

மறுநாளும் இதே கதை என்றால் கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ ட்யூபில் சொட்டுகிறதா பாருங்கள். சொட்டினால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் மிதவை ஊசி சரியாக மூடவில்லை.

கேள்வி: எங்கள் கார் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். அதிலும் இப்படி ஆகுமா?

பதில்: அபூர்வமாக ஆகும், ஸ்டார்ட் செய்து உடனே அணைக்கிற வண்டிகளில் குறிப்பாக. கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு ஐந்து முதல் பத்து வினாடி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். நிறையக் கார்களில் அப்போது இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். கிளம்பவில்லையென்றால் ஸ்டார்ட்டர் ஆறட்டும், அப்புறம் இன்னொரு தடவை. வண்டி ஓடத் தொடங்கியதும் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) உருவி முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள்.