அண்ணாச்சிகளையும் புதுப் பையன்களையும் ஒரே மாதிரி நடத்தலாமா?

கேள்வி: பணகுடிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் புராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். குழுவில் பாதிப் பேர் இருபது வருட அனுபவம் உள்ள அண்ணாச்சிகள், மீதிப் பேர் டிப்ளமோ முடித்த கையோடு வந்த பையன்கள். முதலில் எல்லாரிடமும் கருத்துக் கேட்டே வேலையைத் தொடங்கினேன். பையன்கள் முழித்துக்கொண்டு நின்றார்கள். சரி என்று கறாராக மாறினேன். இப்போது அண்ணாச்சிகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காற்று சீசனுக்குள் வேலை முடிய வேண்டும். நான் எப்படித்தான் இருப்பது?
- பெயர் வேண்டாம், வள்ளியூர்

பதில்: தம்பி, கருத்துக் கேட்டதும் தப்பில்லை, கறாராக இருந்ததும் தப்பில்லை. இரண்டையும் எல்லாருக்கும் ஒன்றுபோலச் செய்ததுதான் சிக்கல்.

பால் ஹெர்சி, கென் பிளாஞ்சர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர்கள் 1969-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒருவருக்கு வேலை எவ்வளவு தெரியும், செய்ய எவ்வளவு மனசு இருக்கிறது என்று பார்த்துத் தலைவர் தன் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். சிலருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், சிலருக்குக் காரணம் விளக்க வேண்டும், சிலரோடு கலந்து பேச வேண்டும், சிலரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். பிற்பாடு வந்த ஆய்வுகள் இதை முழுசாக ஆதரிக்கவில்லை. ஆனாலும் உங்களுக்கு உதவும் ஒரு விஷயம் அதில் உண்டு: பார்க்க வேண்டியது வயதையோ சர்வீஸையோ அல்ல, கையில் இருக்கும் அந்த ஒரு வேலையை.

கியர்பாக்ஸ் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் அண்ணாச்சியிடம் கியர்பாக்ஸை ஒப்படைத்துவிடுங்கள். என்ன சாமான் வேண்டும், எப்போது முடியும் என்று கேட்டால் போதும். அதே அண்ணாச்சி புது கண்ட்ரோலர் சாஃப்ட்வேர் முன்னால் உட்காரும்போது அவரும் புது ஆள்தான். அங்கே கூடவே இருந்து சொல்லிக்கொடுங்கள். பையன்கள் முன்னால் வேண்டாம், தனியாக.

புதுப் பையனிடம் எடுத்த எடுப்பில் கருத்துக் கேட்டால் பாவம், அவன் என்ன சொல்வான்? படிப்படியாகச் சொல்லுங்கள், செய்வதைப் பாருங்கள். பழகியதும் நீங்கள் விலகிக்கொள்ள வேண்டும். பல மேனேஜர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கர்ட் லெவின் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1939-இல் சிறுவர் குழுக்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதிகாரம் செய்த தலைவர் வெளியே போனதும் வேலை சுணங்கியது. கலந்து பேசிய தலைவர் போன பிறகும் வேலை நடந்தது. நீங்கள் கீழே நிற்க, அவர்கள் டவர் உச்சியில் இருக்கும் தொழில் உங்களுடையது. நீங்கள் இல்லாதபோதும் அவர்கள் சரியாகச் செய்தாக வேண்டும்.

ஹார்னஸ் என்கிற பாதுகாப்பு வாரை மாட்டுவது, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுவது, இந்த இரண்டில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. எவ்வளவு சீனியராக இருந்தாலும் சரி.

அப்புறம், காலத்தையும் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை காற்று வெளுத்து வாங்கும்போது மெஷின் நின்றால் நஷ்டம். அப்போது சட்டென்று நீங்களே முடிவெடுங்கள். நிதானமாக உட்கார்ந்து பேச மற்ற மாதங்கள் இருக்கின்றன.

ஆளுக்கொரு மாதிரி நடக்கும்போது காரணத்தைச் சொல்லாவிட்டால் பாரபட்சம் என்று டீக்கடை வரை பேச்சுப் போய்விடும். வேலைப் பட்டியலை வைத்துக்கொண்டு, எதில் யார் முடிவெடுப்பார், எதில் நீங்கள் கூட இருப்பீர்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அண்ணாச்சிகளை ஒவ்வொருவராகப் போய்ப் பாருங்கள். என்ன வருத்தம் என்று கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். இந்த வாரமே போங்கள்.