பெரியவன் ஓடுறான், சின்னவ அழுறா

கேள்வி: பையனுக்கு 7 வயசு, பொண்ணுக்கு 4. பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனா பெரியவன் நேரா அலைக்குள்ள ஓடுறான், சின்னவ அலையப் பாத்தாலே அழுறா. வீட்டுக்காரர் 'தூக்கிட்டுப் போய் ஒரு முக்கு முக்குனா பயம் தெளிஞ்சிடும்'ங்கிறார். செய்யலாமா? - வாசகி, தாம்பரம்

பதில்: முக்குற வேலை வேண்டவே வேண்டாம்ங்க, பயம் இன்னும் ஏறத்தான் செய்யும். அலை வந்து காலைத் தொட்டுட்டுத் திரும்புற ஈர மணல்ல அவளோட நீங்களும் நில்லுங்க, தண்ணி திரும்பும்போது பாதத்துக்கு அடியில மண்ணு சர்ருனு உருவிட்டுப் போகும்ல, அந்தக் கூச்சத்துக்கே சிரிக்க ஆரம்பிச்சிடுவா. அன்னிக்கு அவ்ளோதான் போதும்னா விட்ருங்க, அடுத்த தடவ அவளே ஒரு அடி முன்னாடி வைப்பா.

எனக்குக் கவலையே பெரியவன்தான். நம்ம சென்னைக் கரை சட்டுனு இறங்குற கரை, முழங்கால் தண்ணின்னு நெனச்சு நின்னா ரெண்டு எட்டுல இடுப்புக்கு வந்துடும். அதுவும் போக, கரைக்கு வந்த தண்ணியெல்லாம் ஏதாவது ஒரு சந்து வழியா வேகமா கடலுக்குத் திரும்பும், அந்த எடத்துல அலை உடையாது, தண்ணி கொஞ்சம் கலங்கலா, பாக்க அமைதியா இருக்கும். இங்க அலை கம்மியா இருக்கேன்னு நாம பிள்ளைய விடுறது பல நேரம் சரியா அங்கதான்! அப்படி இழுத்துட்டா கரையப் பாத்து எதிர்த்து நீந்தக் கூடாது, மிதந்துகிட்டே கையத் தூக்கிக் கத்தணும், நீச்சல் தெரிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும். இத அவனுக்கு வீட்டுலயே சொல்லிக் குடுங்க. நீங்களும் பதறி உள்ள குதிச்சிடாதீங்க, மிதக்குற எதையாவது தூக்கிப் போட்டுட்டு மீனவங்களையோ லைஃப்கார்டையோ கூப்பிடுங்க, 112க்கு அடிங்க.

பெசன்ட் நகர்ல கால் நனைக்கிறதோட நிறுத்திக்கங்க, மெரினாவுல குளிக்கவே தடை இருக்கு. குளிச்சே ஆகணும்னு அடம் பிடிச்சா ஈசிஆர்ல கோவளம் போங்க, சுத்தம், பாதுகாப்பு பாத்துக் குடுக்குற சர்வதேச நீலக்கொடி சான்ற 2021ல வாங்கின பீச், லைஃப்கார்டு உண்டு. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், வடகிழக்குப் பருவமழை நேரத்துல, எங்கயும் எறக்காதீங்க.

தண்ணி ஓரமா நிக்கும்போது விரலப் பிடிக்காதீங்க, ஈரத்துல வழுக்கிடும், மணிக்கட்டப் பிடிங்க. காத்தடைச்ச டியூப நம்பி விடாதீங்க, கரைக்காத்து அடிச்சா டியூபோட பிள்ளையும் உள்ள போயிடும். சட்டை ஆரஞ்சு கலர்ல போடுங்க, நீலம் போட்டா தண்ணில ஆளே தெரியாது. ஆளுக்கு ஒரு பிள்ளைன்னு பிரிச்சுக்கங்க, ரீல்ஸ் எடுக்கிறத வீட்டுக்காரர்கிட்ட விட்டுடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, ஃபோன் ரெண்டு பேருதும் பைக்குள்ளயே இருக்கட்டும்.