புதிய பதிப்பை ஏற்றியும் பழைய பக்கமே வருகிறது: பதில்

கன்ட்ரோல் + எஃப்5 அழுத்தினால் புதியது வருகிறது, அடுத்த முறை திறந்தால் மறுபடி பழையது என்கிறீர்கள். அப்படியானால் சர்வர் மேல் பழி போடாதீர்கள், இது சர்வீஸ் ஒர்க்கரின் (பிரவுசரில் பின்னணியில் இருந்து, தளத்தின் கோப்புகளைச் சேமித்துவைத்து எடுத்துத் தரும் ஸ்கிரிப்ட்) வேலை. அந்தக் கட்டாய ரீலோட் ஒர்க்கரைத் தாண்டிப் போகும். சாதாரணமாகத் திறந்தால் ஒர்க்கர் பழைய கேஷிலிருந்தே (சேமித்துவைத்த நகலிலிருந்தே) எடுத்துக் கொடுக்கும்.

உறுதிசெய்ய குரோமில் எஃப்12, அப்ளிகேஷன் டேப், சர்வீஸ் ஒர்க்கர்ஸ். 'வெயிட்டிங் டு ஆக்டிவேட்' என்றிருந்தால் அதேதான். பழைய ஒர்க்கரின் பிடியிலுள்ள எல்லா டேப்களும் மூடப்படும் வரை புதியது காத்திருக்கும். ரீலோட் செய்தால் போதாது. நெட்வொர்க் டேபில் 'டிஸேபிள் கேஷ்' போட்டுச் சோதிப்பதும் வீண், அது ஒர்க்கரைத் தடுக்காது. ஒர்க்கரைத் தாண்டிச் சோதிக்க, அதே சர்வீஸ் ஒர்க்கர்ஸ் பகுதியில் 'பைபாஸ் ஃபார் நெட்வொர்க்'கை டிக் செய்யுங்கள்.

தீர்வாக, புதிய ஒர்க்கரின் இன்ஸ்டால் நிகழ்வில் ஸ்கிப்வெயிட்டிங் (காத்திருக்காமல் உடனே பொறுப்பேற்கச் சொல்லும் கட்டளை) போடச் சொல்வார்கள். கவனம்: பழைய பக்கம் திறந்திருக்கும்போதே ஒர்க்கர் மாறி, பழைய கேஷும் அழிந்தால், அந்தப் பக்கம் பிறகு கேட்கும் பழைய ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) துண்டுகள் சர்வரில் இல்லாமல் 404 ('கோப்பு இல்லை' என்ற பிழை) வரும். 'புதிய பதிப்பு தயார்' என்று ஒரு பட்டன் காட்டி, அதை அழுத்தும்போது ஸ்கிப்வெயிட்டிங்கை அழைத்து, கன்ட்ரோலர்சேஞ்ச் நிகழ்வில் (புதிய ஒர்க்கர் பொறுப்பேற்றதும் வருவது) ரீலோட் செய்வதே நல்லது.

சர்வர் அனுப்பும் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரையும் (நகலை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று பிரவுசருக்குச் சொல்வது) சரிபாருங்கள்: இன்டெக்ஸ் எச்டிஎம்எல்லுக்கு 'நோ-கேஷ்', அதாவது ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டுவிட்டே நகலைப் பயன்படுத்து. பெயரில் ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீடு) உள்ள கோப்புகளுக்கு மட்டும் 31536000 விநாடி, அதாவது ஓர் ஆண்டு.

ஒர்க்கரே வேண்டாமென்றால் அதன் கோப்பைச் சர்வரிலிருந்து நீக்கிவிடாதீர்கள். 404 வந்தால் பழையது அப்படியே தொடரும். அதே முகவரியில், தன்னைத்தானே அன்ரெஜிஸ்டர் செய்துகொள்ளும் (பிரவுசரிலுள்ள தன் பதிவை நீக்கிக்கொள்ளும்) சின்ன ஒர்க்கரை வையுங்கள்.