2010-ல நாம யாருக்காக பயந்தோம்?

கேள்வி: 2030 உலகக்கோப்பை கால்பந்தை ஸ்பெயின், போர்ச்சுகலோட சேர்ந்து மொராக்கோவும் நடத்தப்போகுது. அங்க இளைஞர்கள் ஸ்டேடியம் வேணாம், ஆஸ்பத்திரி கட்டுங்கன்னு ரோட்டுக்கு வந்துட்டாங்க. 2010-ல தென்னாப்பிரிக்கா நடத்தினப்பவும் கொலை நடக்கும், கொள்ளை நடக்கும், கட்டி முடிக்கவே மாட்டாங்கன்னு எவ்வளவோ பயமுறுத்தினாங்க, கடைசில ஒண்ணுமே ஆகலையே. அப்போ வளர்ற நாடுன்னாலே பயம் காட்டறது வெள்ளைக்காரன் வேலைதானே? — ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: "ஒண்ணுமே ஆகலையே"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த தடவை மத்த கேள்வியை எல்லாம் தள்ளி வச்சுட்டு உங்களுக்கு மட்டும் பதில் எழுதறேன். ஆச்சுங்க. நிறையவே ஆச்சு. நாம யாருக்கு ஆகும்னு பயந்தோமோ அவங்களுக்கு ஆகல, அவ்வளவுதான்.

முதல்ல உங்க பக்கம் இருக்கற நியாயத்தை சொல்லிடறேன். 2004 மே மாசம் சூரிச்ல, 2010 உலகக்கோப்பையை யாருக்கு குடுக்கறதுன்னு ஓட்டு எண்ணி தென்னாப்பிரிக்கா 14, மொராக்கோ 10-ன்னு அறிவிச்சாங்க (ஆமா, அன்னிக்கு தோத்தது இதே மொராக்கோதான்), அந்த நாள்ல இருந்து ஆறு வருஷம் அந்த நாட்டை படுத்தின பாடு கொஞ்ச நஞ்சமில்ல. ஒரு நாளைக்கு சராசரியா 50 கொலைங்கற புள்ளிவிவரம் எந்த பேப்பரை திறந்தாலும் இருந்துச்சு, அது உண்மையான புள்ளிவிவரம்தான், நான் மறுக்கல. 2008-ல போர்ட் எலிசபெத் ஸ்டேடியம் நேரத்துக்கு முடியாதுன்னு சொல்லி உலகக்கோப்பைக்கு ஒத்திகையா அடுத்த வருஷம் நடக்கவேண்டிய கான்ஃபெடரேஷன் கப் ஆட்டங்களை அங்க இருந்து எடுத்தாங்க, உடனே பாத்தீங்களா பாத்தீங்களான்னு ஆரம்பிச்சு, வேற நாட்டுக்கு மாத்தப்போறாங்கங்கற பேச்சு ஓயவே இல்ல. இதுல எனக்கு இன்னிக்கும் கோவம் வர்றது எதுக்குன்னா, 2010 ஜனவரியில டோகோ டீம் போன பஸ்ஸை சுட்டாங்க இல்லையா, அது நடந்தது அங்கோலாவுல, கபிண்டாவுல. தென்னாப்பிரிக்காவுல இருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல தள்ளி. அதுக்கும் தென்னாப்பிரிக்கா பதில் சொல்லணும்னு கேட்டாங்க. ஐரோப்பாவுல ஒரு ஊர்ல குண்டு வெடிச்சா இன்னொரு நாட்டு போட்டியை நிறுத்தலாமான்னு இந்த வேகத்துல யாராவது கேப்பாங்களா? ஆப்பிரிக்கான்னா எல்லாம் ஒரே ஊர்ங்கற நினைப்புதான் அது, அதுல இனவெறி இருக்குன்னு நீங்க சொன்னா நான் ஒத்துக்கறேன்.

போட்டியும் நல்லாதான் நடந்துச்சு. பத்து ஸ்டேடியம், 64 ஆட்டம், மொத்தம் 31 லட்சம் பேருக்கு மேல நேர்ல பாத்தாங்க. தென்னாப்பிரிக்காவோட ஷபலாலா மெக்சிகோவுக்கு எதிரா அடிச்ச முதல் கோலையும், கானா உருகுவேகிட்ட கடைசி நிமிஷத்துல பெனால்டியை விட்ட அந்த நடுராத்திரியையும் நான் மறக்கவே மாட்டேன், அன்னிக்கு என்னால தூங்க முடியல. இன்னொண்ணு, இது உலகக்கோப்பையில நடந்தது இல்ல, ஆனா அதனால நடந்தது: பிரிட்டோரியாவுல இருக்கற ரக்பி மைதானத்தை உலகக்கோப்பையை நடத்தற ஃபிஃபாவுக்கு குடுத்துட்டதால, அந்த ஊர் ரக்பி டீம் புல்ஸ் மே 29 ஃபைனலை கறுப்பர்கள் வாழற சொவேட்டோவுல இருக்கற ஆர்லாண்டோ ஸ்டேடியத்துல ஆடவேண்டியதாச்சு. அதுவரைக்கும் சொவேட்டோ பக்கமே கால் வைக்காத ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரங்க குடும்பத்தோட அங்க போனாங்க, அந்த தெருக்காரங்களோட சேர்ந்து உக்காந்து சாப்பிட்டாங்க, குடிச்சாங்க, வுவுசேலாங்கற ஊதுகுழலை ஊதினாங்க. அதுக்கு விலையே கிடையாது, அதை நான் குறைச்சு பேசமாட்டேன்.

சரி, இப்போ நீங்க "ஒண்ணும் ஆகல"ன்னு சொன்ன கதைக்கு வரேன்.

நெல்ஸ்ப்ரூட்னு ஒரு ஊர், க்ரூகர் காட்டுக்கு பக்கம். அங்க ம்பொம்பேலா ஸ்டேடியம்னு கட்டினாங்க, கூரையை தாங்கற 18 தூணும் ஒட்டகச்சிவிங்கி மாதிரி, சீட்டெல்லாம் வரிக்குதிரை மாதிரி, போட்டோவுல பாத்தா ஆசையா இருக்கும். அந்த இடம் மட்சஃபேனிங்கற சமூகத்தோட நிலம். அதை நகராட்சி எவ்வளவுக்கு வாங்கப் பாத்துச்சு தெரியுமா? ஒரே ஒரு ராண்டுக்கு, அந்த நாட்டு ரூபாய் அது. கோர்ட்டு தலையிட்டு தடுத்துச்சு. அங்க இருந்த பள்ளிக்கூடத்தை கட்டுமான வேலைக்குன்னு எடுத்துக்கிட்டு பிள்ளைங்களை வெயில்ல கொதிக்கற தற்காலிக ரூம்களுக்கு மாத்தினாங்க, எங்க ஸ்கூல் எங்கன்னு கேட்டு ரோட்டுக்கு வந்த பிள்ளைங்க மேல போலீஸை ஏவினாங்க. ஸ்டேடியம் காண்ட்ராக்ட்ல ஊழல்னு வெளிய சொன்னவர் ஜிம்மி மொஹ்லாலா, எதிர்க்கட்சிக்காரர் இல்ல, ஆளுங்கட்சிக்காரர், அந்த நகராட்சி மன்றத்தோட சபாநாயகரே அவர்தான். 2009 ஜனவரி 4, அவர் வீட்டு வாசல்லயே வச்சு சுட்டுக் கொன்னாங்க. உலகக்கோப்பைக்கு போனா கொன்னுடுவாங்கன்னு பயந்தோம் இல்லையா, இந்த மனுஷனை கொன்னப்போ நம்மள்ல எத்தனை பேர் படிச்சோம்? நானும்தான் சொல்றேன், அந்த வருஷம் எங்க பத்திரிகைப் பக்கத்துல டீம்கள் பத்தி எழுதினோம், இவரை பத்தி ஒரு வரி எழுதல. அந்த ஸ்டேடியத்துல உலகக்கோப்பையில நடந்தது மொத்தம் நாலு ஆட்டம்.

டர்பன்ல மோசஸ் மபிடா ஸ்டேடியம். அதுக்கு ஒட்டினாப்பலயே 50,000 பேர் உக்கார்ற கிங்ஸ் பார்க் ரக்பி ஸ்டேடியம் முன்னாடியே இருந்துச்சு, இருந்தும் பக்கத்துலயே புதுசா ஒண்ணு எழுப்பினாங்க. ஜூன் 13, ஜெர்மனி ஆஸ்திரேலியாவை 4-0 ஜெயிச்ச ராத்திரி, கூட்டம் எல்லாம் கலைஞ்சப்புறம் கேட்ல நின்ன பாதுகாப்பு ஊழியர்கள் சம்பளக் கவரை பிரிச்சு பாத்தா 190 ராண்ட். 1,500 ராண்ட்னு சொல்லித்தான் எங்களை கூட்டிட்டு வந்தாங்கன்னு அவங்க கேட்டாங்க. பதிலுக்கு கண்ணீர்ப்புகையும் ரப்பர் குண்டும் வந்துச்சு. அடுத்த சில நாள்ல நாலு ஸ்டேடியத்துல பாதுகாப்பு வேலையை போலீஸே எடுத்துக்கிச்சு, ஆட்டம் எதுவும் நிக்கல, அதனால நமக்கு தெரியவும் இல்ல.

அதே டர்பன்ல வார்விக்னு ஒரு சந்திப்பு, பஸ், ரயில், மினிபஸ் டாக்சி எல்லாம் வந்து கூடற இடம், தினமும் லட்சக்கணக்குல ஜனங்க கடந்து போற இடம். அங்க 1910-ல ஆரம்பிச்ச ஒரு காய்கறி மார்க்கெட் இருக்கு, பேரே விடியக்காலை மார்க்கெட்தான். இது நமக்கு நெருக்கமான கதை, கொஞ்சம் பொறுமையா கேளுங்க. 1860 நவம்பர்ல ட்ரூரோங்கற கப்பல் மெட்ராஸ்ல இருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிங்களை டர்பன்ல கொண்டுபோய் இறக்குச்சு. ஒப்பந்தம் முடிஞ்சவங்க நிறைய பேர் ஊர் திரும்பல, சின்ன சின்ன துண்டு நிலத்துல காய்கறி போட்டாங்க, கூடையில தூக்கிட்டு வந்து வித்தாங்க. அந்த விவசாயிங்களோட மார்க்கெட் அது. நிறவெறி ஆட்சி அவங்களை வீடு மாத்தி வீடு துரத்தினப்பக்கூட மார்க்கெட் மிஞ்சுச்சு. கொள்ளுப்பேரன் தலைமுறை அங்க கடை போட்டிருக்கு, பக்கத்துலயே ஜூலு பொம்பளைங்க கடை, பாரவண்டி தள்றவங்க, இன்னும் எத்தனையோ பேர். 2009-ல நகராட்சி என்ன பண்ணுச்சுன்னா, உலகக்கோப்பைக்கு முன்னாடி அதை இடிச்சுட்டு ஷாப்பிங் மால் கட்டப்போறேன்னு திட்டம் போட்டுச்சு. நூறாவது வருஷத்துக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. வியாபாரிங்க காலி பண்ண மாட்டோம்னு உள்ளயே உக்காந்தாங்க, அவங்க மேலயும் ரப்பர் குண்டு சுட்டாங்க, வயசான ஆளுங்க எல்லாம் அடி வாங்கினாங்க. விடல. கோர்ட்டுக்கு போனாங்க. சுதந்திரம் வாங்கின நாட்டுல, நாம ஓட்டு போட்ட அரசாங்கமே இப்படி பண்ணினா அந்த வலி எப்படி இருக்கும்னு யோசிச்சு பாருங்க.

கேப் டவுன்ல டெல்ஃப்ட்ங்கற இடத்துல தகரத்துலயே ஒரு ஊரு, பேரு பிளிக்கீஸ்டார்ப், டப்பா ஊருன்னே அர்த்தம். மூணுக்கு ஆறு மீட்டர்ல ஒரு அறை, அதுக்குள்ள ஒரு குடும்பம். உலகக்கோப்பைக்காக துரத்தல, வீடு இல்லாதவங்களுக்கு தற்காலிக இடம்தான்னு நகராட்சி சொல்லுச்சு, ஊரை அழகா காட்டறதுக்காக எங்களை இங்க கொண்டுவந்து போட்டாங்கன்னு உள்ள இருந்தவங்க சொன்னாங்க. நான் உள்ள இருந்தவங்களைத்தான் நம்பறேன்.

காசு விஷயத்தை சுருக்கமா சொல்லிடறேன். அரசாங்கம் செலவழிச்சது 300 கோடி டாலருக்கு மேல. வெளிநாட்டு ரசிகர்கள் 4 லட்சத்துக்கு மேல வருவாங்கன்னு கணக்கு போட்டாங்க, வந்தது 3 லட்சத்துச் சொச்சம். அந்த நாலு வருஷத்துல ஃபிஃபாவுக்கு செலவெல்லாம் போக மிச்சம் 63 கோடி டாலர், வரிவிலக்கோட. ஃபிஃபா போட்ட கண்டிஷன்ல ஸ்டேடியத்தை சுத்தி ஸ்பான்சர் கம்பெனிங்க பொருளைத் தவிர வேற எதுவும் விக்கக்கூடாது, அதனால இத்தனை வருஷமா மேட்ச் அன்னிக்கு வாசல்ல சோறும் கறியும் வித்த அக்காங்களுக்கு உலகக்கோப்பை மாசம்தான் வியாபாரம் இல்லாத மாசம். கேப் டவுன்ல 400 கோடி ராண்டுக்கு மேல போட்டு கட்டின ஸ்டேடியத்தை நடத்தறேன்னு ஒத்துக்கிட்ட கம்பெனி ஃபைனல் முடிஞ்சு மூணு மாசத்துல, 2010 அக்டோபர்ல, நஷ்டமாகும்னு கழண்டுக்கிச்சு. பாரம் நகராட்சி தலையில. கால்பந்து ரசிகர்கள் குடியிருக்கற ஏத்லோன் பக்கமே ஒரு ஸ்டேடியம் இருந்துச்சு, அதை பெருசாக்கியிருக்கலாம், ஆனா கடலும் மலையும் டிவியில தெரியற இடம்தான் வேணும்னாங்க. 2013-ல இன்னொரு விஷயமும் வெளிய வந்துச்சு, பெரிய கட்டுமானக் கம்பெனிங்க தங்களுக்குள்ள பேசி வச்சு டெண்டர் போட்டிருக்காங்க, இந்த ஸ்டேடியங்களும் அதுல உண்டு, 15 கம்பெனிக்கு சேர்த்து 146 கோடி ராண்ட் அபராதம்.

இப்போ உங்க கேள்விக்கு நேரா வரேன். நம்ம ஊர் கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏசி ரூம் கிடைச்சுதா, பந்தியில குறை இருந்துச்சான்னு நூறு பேர் விசாரிப்பாங்க. பொண்ணைப் பெத்தவன் எதை அடமானம் வச்சான்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. 2010-ல உலகம் மொத்தமும் மாப்பிள்ளை வீட்டுக்காகத்தான் பயந்துச்சு. அந்த பயத்தை கிளப்பினவங்க மேல உங்களுக்கு கோவம் வருது, சரி, எனக்கும் வருது. ஆனா மொராக்கோவுல ரோட்டுக்கு வந்த பிள்ளைங்களை அதே கணக்குல சேர்க்காதீங்க. அது வெளியில இருந்து வர்ற பயமே இல்ல. அகாதிர் ஊர்ல ஒரு அரசு ஆஸ்பத்திரியில பிரசவத்துக்கு போன பொண்ணுங்க அடுத்தடுத்து செத்துப்போனாங்க, அதுக்கப்புறம்தான் 2025 செப்டம்பர் கடைசில ரபாத், காசாபிளாங்கான்னு ஊர் ஊரா "ஸ்டேடியம் இங்க இருக்கு, ஆஸ்பத்திரி எங்க"ன்னு கோஷம் போட்டாங்க. இன்னொரு பக்கம் பென்ஸ்லிமான்ல 1,15,000 பேர் உக்கார்ற ஸ்டேடியம் எழும்பிட்டு இருக்கு. அந்தப் பிள்ளைங்க கால்பந்தை வெறுக்கறவங்க இல்ல, 2022-ல மொராக்கோ செமிஃபைனல் போனப்போ தெருவுல ஆடினதும் அவங்கதான்.

ஏழை நாடு நடத்தக்கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன், பணக்கார நாட்டுல மட்டும்தான் உலகக்கோப்பை நடக்கணும்னா அது உலகக்கோப்பையே இல்ல. ஜெர்மனி 2006-ல நடத்தினப்போ ஆட்டம் முடிஞ்ச மறுவாரமே பெரும்பாலான ஸ்டேடியங்களுக்கு சொந்த கிளப்பும் டிக்கெட் வாங்கற கூட்டமும் இருந்துச்சு. தென்னாப்பிரிக்காவுல புது ஸ்டேடியம் கட்டின போலோக்வானேவுக்கும் நெல்ஸ்ப்ரூட்டுக்கும் அப்படி எது இருந்துச்சு? ஃபிஃபா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாதிரி ஸ்டேடியம், ஒரே மாதிரி வரிவிலக்கு கேக்குது, பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது. கையெழுத்து போடற நாட்டோட தலைவர்களும் அதைத் திருப்பிக் கேக்கறதில்ல. கேக்கறது தெருவுல இருக்கறவங்கதான், அவங்க கேட்டா நாம "பாரு, வெள்ளைக்காரன் பேச்சை இவனும் பேசறான்"னு வாயை அடைச்சுடறோம். தயவு செஞ்சு அதை பண்ணாதீங்க.

டர்பன்ல அந்த மால் கட்டலைங்க. 2011-ல நகராட்சி அந்த முடிவையே ரத்து பண்ணுச்சு. விடியக்காலை மார்க்கெட் இன்னிக்கும் அங்கதான் இருக்கு.